சென்னைக்குப் போக ஏன் தெற்கே வரவேண்டும்?

இலங்கை வரைபடத்தில் கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்கு ஒரு நேர்கோடு போட்டுப் பாருங்கள். அது பலாலிக்கு மிக அருகாகச் செல்லும். வான்வழியாகக் கட்டுநாயக்க - பலாலி சுமார் 290 கிலோமீற்றர். பலாலி - சென்னை சுமார் 355. கட்டுநாயக்க - சென்னை சுமார் 645. முதல் இரண்டையும் கூட்டினால் மூன்றாவது வந்துவிடும். அதாவது, கொழும்பு வழியாகச் சென்னை செல்லும் யாழ்ப்பாணத்தவர் தரைவழியாக ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தெற்கே வந்து, பிறகு தன் ஊர்ப்பக்கமாகவே வடக்கே பறக்கிறார்.

நான் மருதானையில் வசிக்கிறேன். வைத்தியத்துக்காகச் சென்னை செல்லும் உறவினர்கள் பலர் எங்கள் வீட்டில் ஓரிரவு தங்கித்தான் போயிருக்கிறார்கள். அவர்களுக்கு விமானச்சீட்டு எடுத்துக் கொடுக்கும்போது எப்போதும் ஒரு கேள்வி வரும்: "பலாலியிலிருந்து பாதித் தூரம்தானே, பறக்கிற நேரம் ஏன் பாதியாக இல்லை?"

காரணம் விமானத்தின் வகை. பலாலியின் ஓடுபாதை நீளம் குறைந்தது. அதனால் அங்கு ஏ.டி.ஆர். 72 போன்ற, உந்துவிசிறி பொருத்திய சிறிய விமானங்களே வருகின்றன. அவற்றின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீற்றர். கட்டுநாயக்கவிலிருந்து செல்லும் ஜெட் விமானம் 800 வரை போகும். எனவே 355 கிலோமீற்றரைக் கடக்க ஒன்றுக்கு 43 நிமிடம். 645 கிலோமீற்றரைக் கடக்க மற்றதற்கு 48 நிமிடம். நேர அட்டவணையில் இரண்டுக்கும் ஒன்றேகால், ஒன்றரை மணித்தியாலம் என்று போட்டிருப்பதற்குக் காரணம், விமானம் தரிப்பிடத்தை விட்டு நகர்வதிலிருந்து மறுமுனையில் நிற்கும்வரை கணக்கிடுவதுதான். ஓடுபாதைக்குச் செல்வது, மேலெழுவது, இறங்குவதற்குக் காத்திருப்பது எல்லாம் அதில் அடங்கும்.

உண்மையான வித்தியாசம் தரையில் இருக்கிறது. யாழ் நகரிலிருந்து கொழும்புக்கு 7, 8 மணித்தியாலம். கொழும்பிலிருந்து கட்டுநாயக்கவுக்கு ஒரு மணித்தியாலம். அங்கே 3 மணித்தியாலம் முன்கூட்டியே நிற்கவேண்டும். பறக்கும் நேரத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ 13 மணித்தியாலம். இடையில் ஓரிரவு தங்கும் செலவு வேறு. பலாலி வழியென்றால், அதே காத்திருப்பையும் சேர்த்து 5 மணித்தியாலத்தில் சென்னையில் இறங்கலாம். முதுகுவலியோடும் இருதய நோயோடும் பயணம் செய்பவருக்கு இந்த 8 மணித்தியாலம் சிறிய விடயமல்ல.

இது புதிய வழியுமல்ல. 1947 டிசம்பர் 10இல் எயார் சிலோனின் முதலாவது சேவை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகவே சென்னைக்குச் சென்றது. பின்னர் பல தசாப்தங்கள் அந்த வழி மூடிக்கிடந்தது. 2019 ஒக்டோபர் 17இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, அடுத்த மாதம் அலையன்ஸ் எயார் சேவை தொடங்கியது. கொரோனாவால் 2020இல் நின்ற சேவை 2022 டிசம்பரில் மீண்டது. 2024 செப்ரெம்பரில் இண்டிகோவும் சேர்ந்துகொண்டது.

சீட்டு எடுக்குமுன் கட்டணத்தை மட்டும் ஒப்பிடாதீர்கள். பஸ் காசு, தங்கும் செலவு, கூடவருபவரின் செலவு எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். கொழும்பில் இருப்பவருக்குக் கட்டுநாயக்கவே வசதி. வடக்கில் இருப்பவர் பலாலியின் கட்டணம் சற்றுக் கூடுதலாகத் தெரிந்தாலும், இந்தக் கூட்டலை முடித்துவிட்டுத் தீர்மானிப்பது நல்லது.