பட்டாசுக் காயம் ஆறிய பின்னும் கண் பரிசோதனை ஏன்?

வெடி கண்ணருகே வெடித்தால் எல்லோரும் தீக்காயத்தைத் தேடுகிறார்கள். மோதலின் விசைதான் எனக்கு அதைவிடக் கவலை தருகிறது. சிதறல் மோதியதும் விழி ஒரு கணம் நசுங்கிப் பக்கவாட்டில் விரிகிறது. அந்த இழுப்பில் கார்னியாவும் ஐரிஸும் சந்திக்கும் கோணத்தில் தசை கிழியலாம், ரத்தமும் தேங்கலாம். ரத்தம் வடிந்து, எழுத்துப் பலகையின் கடைசி வரியும் தெரியும்போது இனி எதற்கு ஆஸ்பத்திரி என்று கேட்பது இயல்பே. ஆனால் கண்ணுக்குள் சுரக்கும் நீர் வெளியேறும் சல்லடை அதே கோணத்தில் இருக்கிறது. அது தழும்பேறினால், பல ஆண்டுகள் கழித்தும் கண் அழுத்தம் உயரலாம். அந்த அழுத்தம் பார்வை நரம்பைச் சிதைக்கும் நோயான க்ளாக்கோமா பெரும்பாலும் ஓரப் பார்வையையே முதலில், வலியின்றிப் பறிக்கிறது.

அடிபட்ட எல்லோருக்கும் இது வராது என்பது உண்மை. கோணம் 180 டிகிரிக்கு மேல் கிழிந்தவர்களுக்கே ஆபத்து கூடுதல். அவர்கள் யார் என்பதை, காயம் ஆறிய பின் செய்யும் கோனியோஸ்கோப்பி என்னும் கோணப் பரிசோதனை காட்டிவிடும். அத்தகையவர்களுக்கு ஆண்டுதோறும் கண் அழுத்தம் பார்க்க வேண்டும்.