நன்றி சொல்லும் வீட்டில் வலி குறைந்ததா?

கேரளத்தில் வீடு தேடி வரும் சிகிச்சை ஊருக்கு ஊர் வேரூன்றிவிட்டது. அதன் தரத்தை அளப்பதுதான் இன்னும் கடினமாக இருக்கிறது.

ஒரு நர்ஸ், இரண்டு உள்ளூர்த் தொண்டர்கள், ஓர் ஓட்டுநர், தோளில் மாட்டும் ஒரு பை. மலப்புறம் மாவட்டத்தில் வீடு வீடாக ஏறி இறங்கும் வலி தணிப்பு சிகிச்சைக் குழு என்றால் பெரும்பாலும் இவ்வளவுதான். பையில் பஞ்சு, கட்டுத்துணி, சிறுநீர்க் குழாய், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, சில மாத்திரைகள். இவர்களுக்காகக் காத்திருப்பவர்கள் புற்றுநோய் முற்றியவர்கள், பக்கவாதத்தில் படுத்தவர்கள், தென்னை மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு ஒடிந்தவர்கள். 'இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை' என்று மருத்துவமனை திருப்பி அனுப்பிவிட்டவர்களும் உண்டு.

இத்தகைய குழுக்களைப் பற்றி விசாரித்தால் வீட்டார் சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: 'நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள்.' பதிலில் பொய் இல்லை. ஆனால் அதை வைத்துத் தரத்தை முடிவு செய்ய முடியாது என்பதுதான் சிக்கல். வேறு யாரும் எட்டிப் பார்க்காத வீட்டுக்கு, அதுவும் பைசா வாங்காமல் வருகிறவர்கள் மேல் யார் குறை சொல்வார்கள்? தொண்டர் பக்கத்துத் தெருக்காரராக இருப்பார். பேரனின் பள்ளி ஆசிரியராகக்கூட இருக்கலாம். இரவு முழுக்க வலியில் தூங்காதவர்கூட அவர் முகத்தைப் பார்த்ததும் 'பரவாயில்லை' என்று சொல்லிவிடுகிறார். நன்றி மிகுந்த இடத்தில் குறை வெளியே வருவதில்லை.

இந்த ஏற்பாடு கோழிக்கோட்டில் தொடங்கியது. அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரியில் 1993-இல் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் ஆகியோர் நண்பர்களுடன் சேர்ந்து 'பெயின் அண்ட் பாலியேட்டிவ் கேர் சொசைட்டி'யைத் தொடங்கினார்கள். மருத்துவமனை வரை வர முடியாத நோயாளிகள் ஏராளம் என்பது தெரிந்தபோது சிகிச்சை வீடுகளை நோக்கி நகர்ந்தது. 1990-களின் இறுதியில் மலப்புறத்தில் ஊர்க்காரர்களே குழு அமைத்து, நிதி திரட்டி, நோயாளிகளைக் கண்டுபிடித்துக் கவனிக்கும் முறை உருவானது. கடைகளில் வைத்த உண்டியல்களில் விழுந்த சில்லறை அதற்குப் பெரிய பலம். தொண்டர்களுக்கு 16 மணி நேர வகுப்பும் நான்கு நாள் நேரடிப் பயிற்சியும் தரப்பட்டன. 2008-இல் கேரள அரசு வலி தணிப்பு சிகிச்சைக்கெனத் தனிக் கொள்கை வெளியிட்டது. இந்தியாவில் அப்படிச் செய்த முதல் மாநிலம் அதுதான். அதன்பின் உள்ளாட்சி அமைப்புகளும் நர்ஸ்களை வீடுகளுக்கு அனுப்பத் தொடங்கின.

இத்தனை பரவிய பிறகு எழும் கேள்வி: ஒரு சிறிய குழு நன்றாக வேலை செய்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மருத்துவத் தரத்தை ஆராய்ந்த அவெடிஸ் டொனபீடியன் 1966-இல் ஒரு வழி சொன்னார். என்ன இருக்கிறது, என்ன செய்யப்படுகிறது, அதனால் என்ன விளைந்தது என்று மூன்று நிலைகளில் பார்க்க வேண்டும் என்பது அவர் கருத்து. சிறிய குழுக்களின் ஆண்டறிக்கைகள் பெரும்பாலும் முதல் நிலையைத் தாண்டுவதில்லை. வண்டி எத்தனை, கட்டில் எத்தனை, சக்கர நாற்காலி எத்தனை என்று பட்டியல் நீளும். இரண்டாம் நிலைக்கு வந்தால் 'இத்தனை வீடுகளுக்குச் சென்றோம்' என்ற எண்ணிக்கை கிடைக்கும். மூன்றாம் நிலையில்தான் தடுமாற்றம். சாதாரண மருத்துவமனையில் குணமாகி வீடு திரும்பியவர்களை எண்ணலாம். இங்கே பதிவேட்டிலிருந்து பல பெயர்களை மரணம்தான் நீக்குகிறது. அதைத் தோல்வி என்று எழுத முடியாது. போகும்வரை எப்படி இருந்தார் என்பதே விளைவு.

அதைக் கண்டறியப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. நோயாளியின் முதுகைப் பார்த்தால் போதும். அசைய முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்பது பொதுவான விதி. தவறினால் இடுப்பு எலும்பின் மேல் தோல் சிவக்கும், பிறகு புண்ணாகும். குழு பொறுப்பேற்கும்போதே இருந்த புண் வேறு. பொறுப்பேற்ற பின் வந்த புண் வேறு. இரண்டாவது வகை எத்தனை என்பது குழு தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. கடைசி நாட்களில் எத்தனை கவனித்தாலும் சில புண்களைத் தடுக்க முடியாது என்பதும் உண்மை. ஆனால் முதல் நாளே அளந்து குறித்து வைத்தால்தான் எது எந்த வகை என்று பிரிக்க முடியும்.

அடுத்தது மார்ஃபின். புற்றுநோயின் கடும் வலிக்கு வாய்வழி மார்ஃபின் மலிவான, நல்ல மருந்து. 1985-இன் போதைப்பொருள் சட்டம் விதித்த கெடுபிடியில் அது மருத்துவமனைகளிலிருந்தே மறைந்துபோனது. 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் அதை வைத்துக்கொள்ளும் வழி எளிதானது. ஒரு குழுவின் தேர்ச்சியை இங்கே நாலு கேள்விகளில் அறியலாம். சாதாரண மார்ஃபின் மாத்திரையை நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும் என்று வீட்டாருக்குத் தெரியுமா? இடையில் வலி கிளம்பினால் என்ன கொடுப்பது என்று சொல்லப்பட்டிருக்கிறதா? மலச்சிக்கலுக்கான மருந்தும் கூடவே எழுதப்பட்டிருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை மாத்திரை தீர்ந்தால் எங்கே கிடைக்கும்? மூன்றாவது கேள்வி அற்பமாகத் தோன்றும். ஆனால் மார்ஃபின் எடுப்பவருக்கு மலச்சிக்கல் அநேகமாக வந்தே தீரும். அதைத் தாங்க முடியாமல் மருந்தையே நிறுத்திவிட்டு வலியோடு கிடப்பவர்கள் உண்டு.

நர்ஸின் குறிப்பேடும் நிறையப் பேசும். ஒவ்வொரு வருகையிலும் 'நிலைமை பரவாயில்லை, கட்டு மாற்றப்பட்டது' என்று ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தால், கேட்க வேண்டியது கேட்கப்படவில்லை என்று அர்த்தம். வலியைப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண்ணாகக் கேட்டு எழுதுவது சிரமமான வேலை அல்ல. திங்களன்று எட்டு என்று எழுதியவர் மறுநாள் தொலைபேசியிலாவது விசாரித்தாரா, எண் குறைந்ததா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இந்திய நிலைமைக்கேற்ற குறைந்தபட்சத் தர அளவுகோல் ஒன்றை இத்துறை மருத்துவர்கள் 2014-இல் வெளியிட்டார்கள். குழுக்கள் தங்களைத் தாங்களே சோதித்துக்கொள்ள உதவும் அந்த அளவுகோலிலும் வலியைக் குறித்து வைப்பதும் மார்ஃபின் தடையின்றிக் கிடைப்பதும் முக்கிய இடம் பெறுகின்றன.

இன்னொரு சோதனை இரவில். குழுக்கள் பகலில் வருகின்றன. மூச்சுத் திணறலும் வலியும் நேரம் பார்ப்பதில்லை. நள்ளிரவில் அழைத்தால் எடுக்க ஒருவர் இருக்கிறாரா, அல்லது ஆம்புலன்ஸில் ஏற்றி எங்கோ அலைய வேண்டியதுதானா? அந்த ஓர் இரவைச் சமாளிக்க மகளையோ மருமகளையோ முன்கூட்டியே தயார் செய்த குழு, மாதம் நாலு முறை வந்து புன்னகைத்துப் போகும் குழுவைவிட மேலானது.

சிறிய குழுக்களுக்குச் சதவீதக் கணக்கும் அவ்வளவாகப் பொருந்தாது. நாற்பது நோயாளிகள் உள்ள இடத்தில் இரண்டு பேர் நிலை மாறினால் சதவீதம் ஐந்து புள்ளி தாவிவிடும். அதைவிட, அந்த மாதம் இறந்த ஒவ்வொருவரைப் பற்றியும் நர்ஸும் டாக்டரும் தொண்டர்களும் உட்கார்ந்து பேசுவது அதிகம் கற்றுத் தரும். கடைசி வாரம் எப்படிப் போயிற்று? எங்கே பிசகினோம்? கூடவே, பதிவேட்டில் இல்லாதவர்களையும் தேட வேண்டும். தனியாக வாழும் முதியவர், மொழி தெரியாத வடமாநிலத் தொழிலாளி, மனநோயை வெளியே சொல்லக் கூசும் குடும்பம். இருக்கும் நோயாளிகளை மட்டும் நன்றாகக் கவனித்தாலும் இவர்கள் விடுபட்டுப் போவார்கள்.

இது கேரளத்தோடு முடியும் விஷயமல்ல. தில்லியில் 'கேன்சப்போர்ட்' அமைப்பு 1997 முதல் புற்றுநோயாளிகளை இலவசமாக வீட்டில் சென்று கவனித்து வருகிறது. பெருநகரங்களில் பணம் வாங்கிக்கொண்டு ஆள் அனுப்பும் ஏஜென்சிகளும் பெருகிவிட்டன. 'ஹோம் நர்ஸ்' என்று வருகிறவர் பல நேரங்களில் நர்ஸே அல்ல. நர்ஸுக்கு மாநில நர்சிங் கவுன்சிலின் பதிவு எண் இருக்கும், கேட்டுப் பார்க்கலாம். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, படுக்கையில் கிடக்கும் பெற்றோரை அந்நியர் கையில் ஒப்படைக்கும் குடும்பங்களுக்கும் மேற்சொன்ன கேள்விகள் அப்படியே பொருந்தும். ஒரே வித்தியாசம், அங்கே கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

தொண்டர் குழுக்களிடம் கேட்பதற்குத்தான் தைரியம் தேவைப்படுகிறது. கணக்குக் கேட்டால் மனம் நோகும், வருகிறவர்களும் நின்றுவிடுவார்கள் என்ற அச்சம் நியாயமானதே. ஆகவே கேள்வி அவர்களுக்குள்ளிருந்தே எழுவது நல்லது. மாதக் கூட்டத்தில் உண்டியல் வசூலும் பெட்ரோல் செலவும் பைசா சுத்தமாக வாசிக்கப்படுகின்றன. அதற்கடுத்து ஒரே ஒரு தாளைக் கூடுதலாக வாசிக்கலாம்: போன மாதம் எத்தனை பேர் வலியோடு இரவைக் கழித்தார்கள்?