60 நாள் என்பது அவகாசம் அல்ல

பித்தநாளம் அடைபட்ட பச்சிளங்குழந்தைகள் பற்றி எழுதியதும் வந்த கடிதங்களில் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப: "60 நாளுக்குள் ஆபரேஷன் என்கிறீர்கள். எங்கள் பிள்ளைக்கு 40 நாள்தான் ஆகிறது. இன்னும் கொஞ்சம் பார்க்கலாமா?"

கூடாது. இது மின்கட்டணத்துக்கான கடைசித் தேதி அல்ல.

ஜப்பானின் மொரியோ கசாய் 1950களில் கண்ட வழியைப் புரிந்துகொண்டால் ஏன் என்று தெரியும். கல்லீரலுக்கு வெளியே திறந்த நாளம் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று தேடி, இல்லையென்றால் வயிற்றை மூடிவிடுவதுதான் அப்போதைய வழக்கம். கசாய் நாளத்தைத் தேடவில்லை. தழும்பாகிப்போன அத்தனையையும் கல்லீரலின் வாய்வரை சீவியெடுத்தார். சீவிய இடத்தின் மேலேயே குடலைக் கொண்டுவந்து தைத்தார். அங்கே கண்ணுக்குத் தெரியாத நுண்நாளங்கள் உண்டு. அவற்றிலிருந்து கசியும் பித்தம் நேரே குடலில் இறங்கிவிடும். ஆனால் நாளாக ஆக அந்த நுண்நாளங்களும் அழியும், கல்லீரலும் இறுகும். 60ஆம் நாளைவிட 40ஆம் நாள் மேல். 70ஆம் நாளிலும் செய்கிறார்கள், பலன் குறைவு.

அந்த நாட்கள் வீணாவது எப்படி? 'பிறந்த பிள்ளைக்கு மஞ்சள் சகஜம், வெயிலில் காட்டுங்கள்' என்று வார்டில் சொல்வது முதல் இரண்டு வாரத்துக்குத்தான் ஓரளவு பொருந்தும். அதன் பிறகும் ரத்தத்தில் மஞ்சளைத் தரும் பிலிருபினின் மொத்த அளவை மட்டும் பார்த்து 'இறங்குகிறது' என்பார்கள். சாதாரண மஞ்சள் வடிவதால் அந்த எண் இறங்கும். அடைப்பைக் காட்டும் 'டைரக்ட்' பிலிருபின் அடியில் அப்படியே நிற்கும். அது டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டினால் காரணம் தேடியாக வேண்டும். மஞ்சளுக்கு வைக்கும் நீல விளக்கு இந்த 'டைரக்ட்' பிலிருபினைக் கரைக்காது.

ஆபரேஷன் 'வெற்றி' என்ற சொல்லையும் தள்ளுபடி போட்டே வாசியுங்கள்: காமாலை வடிந்தது என்பதுதான் அதன் பொருள். பெரும்பாலோருக்கு என்றாவது கல்லீரல் மாற்று தேவைப்படும்.

மற்ற கேள்விகள்:

வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது? மலம் வெளுத்துச் சுண்ணாம்பு போலிருக்கும், மூத்திரம் துணியில் மஞ்சள் கறை விடும். தைவான் 2004 முதல் மல நிற அட்டையை எல்லாத் தாய்மாருக்கும் கொடுக்கிறது, நாமும் தடுப்பூசி அட்டையில் அச்சிடலாம்.

பிள்ளை கொழுகொழுவென்று இருக்கிறதே? ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும்.

கீழாநெல்லி? வேண்டாம், நாள்தான் வீணாகும்.

மாற்றுக் கல்லீரலோடு வளர முடியுமா? 1998இல் டெல்லியில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான குழந்தைக் கல்லீரல் மாற்று நடந்தது இதே நோயோடு பிறந்த காஞ்சிபுரத்துக் குழந்தைக்குத்தான். தந்தை தன் கல்லீரலில் ஒரு பகுதியைத் தந்தார், பிள்ளை வளர்ந்து மருத்துவரானார்.