கிளட்சில் ஒரு கசிவு

தாமிரபரணியிலிருந்து பிரியும் கன்னடியன் கால்வாய் சேரன்மகாதேவிப் பகுதி வயல்களுக்கு நீரூட்டுகிறது. கடைமடை வயலில் நீர் குறைந்தால் உழவர் என்ன செய்வார்? மண்வெட்டியைத் தோளில் வைத்து, வரப்பு வழியே நடந்து, நண்டு வளையைக் கண்டு அடைப்பார். மோட்டார் வண்டியின் கிளட்சில் எண்ணெய் கசியுமிடத்தைக் காண்பதும் இத்தகைய வேலையே.

எஞ்சினைக் கியர்ப் பெட்டியோடு இணைக்கவும் பிரிக்கவும் உதவும் உறுப்பே கிளட்ச். திருநெல்வேலிச் சீமைத் திருக்குறுங்குடியிற் பிறந்த டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1912-ஆம் ஆண்டில் பேருந்துத் தொழிலைத் தொடங்கினார். அக்கால வண்டிகளில் மிதியின் அசைவைக் கோல்களே கிளட்சுக்குக் கொண்டு சென்றன. பின்னர் வந்த பல வண்டிகளில் பிரேக் எண்ணெய் அப்பணியைச் செய்கிறது.

மிதியை அழுத்தினால் மேல் சிலிண்டரிலுள்ள பிஸ்டன் எண்ணெயைத் தள்ளும். அவ்வெண்ணெய் குழாய் வழியே சென்று கீழ்ச் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும்; அது கிளட்சைப் பிரிக்கும். மூடிய கலத்திலுள்ள நீர்மத்தில் தரும் அழுத்தம் குறையாமல் எங்கும் பரவும் என்பது பாஸ்கல் என்னும் பிரெஞ்சு அறிஞர் 17-ஆம் நூற்றாண்டில் கண்ட உண்மை. கீழ்ப் பிஸ்டனின் பரப்பு இருமடங்கானால் விசையும் இருமடங்காகும்.

எண்ணெய் கசிந்தால் மிதி தளர்ந்து தாழும். கியர் மாற்றும்போது பற்கள் உரசிக் கரகரக்கும். மணிமுத்தாற்றிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறும் மலைப்பாதை வளைவில் இவ்வாறு நேரின் இடர் பெரிது. சில வண்டிகளில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் எண்ணெய்க் கலம் ஒன்றே. ஆதலின் குறைந்த எண்ணெயை நிரப்பிவிட்டு வாளா இருத்தல் கூடாது.

முதலில் மிதியின் அடியில் ஈரம் உண்டா எனக் காண்க. இருந்தால் பழுது மேல் சிலிண்டரில். அடுத்துக் குழாயின் இணைப்புகளைத் தடவிப் பார்க்க. பின்னர்க் கீழ்ச் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கி நோக்குக. வெளியே கசிவு எதுவுமின்றி மிதி மெல்லத் தாழுமாயின், மேல் சிலிண்டரின் உள்ளே ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கலாம்.

தேய்ந்த வாஷரை மாற்றலாம். சிலிண்டரின் உட்சுவரில் கீறல் இருப்பின் சிலிண்டரையே மாற்றவேண்டும். உறுப்புகளைப் பெட்ரோலாலோ மண்ணெண்ணெயாலோ கழுவலாகாது. ரப்பர் உப்பிக் கெடும். புதிய பிரேக் எண்ணெயாலேயே கழுவுதல் நன்று. அவ்வெண்ணெய் வண்ணப்பூச்சை அரிக்கும். கண்ணிற் படாமலும் காக்கவேண்டும்.

இறுதியாக, உட்புகுந்த காற்றை வெளியேற்றவேண்டும். எண்ணெய் அழுத்தத்திற்குச் சுருங்காது. காற்றோ சுருங்கி விசையை விழுங்கிவிடும். ஒருவர் மிதியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் கீழ்ச் சிலிண்டரின் திருகைச் சிறிது தளர்த்திக் குமிழிகளை வெளியேற்றுவார்; திருகை இறுக்கிய பின்னரே முன்னவர் காலை எடுக்கலாம். குமிழி நிற்கும்வரை இதனைத் திரும்பத் திரும்பச் செய்து, கலத்தில் எண்ணெய் வற்றாமல் ஊற்றிவரவேண்டும்.

நண்டு வளையை விட்டுவிட்டு மடையை மட்டும் அகலத் திறப்பவர் நல்ல உழவர் ஆகார். குறையின் இடத்தைக் கண்டு தீர்ப்பதே வயலுக்கும் வண்டிக்கும் பொதுவான நெறி.