பழைய பாவும் புதிய பட்டியலும்

2025 நவம்பரில் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து எங்கள் வீட்டுத் திண்ணை ஒரு மாதத்துக்கு அலுவலகமாகிவிட்டது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன் நான். கையெழுத்து மணிமணியாக இருக்கும் என்று தெருவில் ஒரு பேர். அது போதாதா? பி.எல்.ஓ. அம்மா (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) வாக்காளர் பட்டியல் திருத்தப் படிவத்தை இரண்டு பிரதி கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்ததும், புடவை வைக்கிற பிளாஸ்டிக் உறைக்குள் அதைப் போட்டு எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். தெருவில் பாவு நீட்ட முடியாத மழைக்காலம். அவர்களுக்கும் நேரம் இருந்தது.

சிறப்புத் தீவிரத் திருத்தம், ஊர் வழக்கில் எஸ்.ஐ.ஆர். பீகாரில் ஜூன் மாதம் தொடங்கி, இரண்டாம் கட்டமாக நவம்பர் 4ஆம் தேதி தமிழ்நாட்டுக்கு வந்தது. படிவத்தின் மேல்பாதி எளிது: பிறந்த தேதி, செல்பேசி எண், தாய் தந்தை பெயர், புதிதாக ஒரு போட்டோ. கீழ்ப்பாதியில்தான் எல்லாரும் பேனாவைக் கீழே வைத்தார்கள். 2002, சில தொகுதிகளுக்கு 2005, அந்தப் பழைய பட்டியலில் உங்கள் பெயர் எங்கே இருக்கிறது? தொகுதி எண், பாகம் எண், வரிசை எண் என்ன? உங்கள் பெயர் இல்லையென்றால் தாய், தந்தை, தாத்தா, பாட்டி யாருடைய பெயராவது இருக்கிறதா? 2008 தொகுதி மறுசீரமைப்பில் எண்களெல்லாம் மாறிவிட்டன. இன்று காஞ்சிபுரம் 37ஆம் தொகுதி. பழைய பட்டியலில் அந்த எண்ணைத் தேடினால் வேறு ஊர் வரும்.

எங்கள் தொழிலில் இதற்கு ஒப்பான வேலை ஒன்று உண்டு. தறியில் பழைய பாவு தீரும்போது அதை அறுத்து எறிந்துவிட மாட்டோம். அதன் நுனிகளோடு புதுப் பாவை இழை இழையாக, சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைப்போம். ஆயிரக்கணக்கான இழை. எங்காவது ஓர் இழை சேராமல் போனால், அது அறுந்தது என்று யாரும் இழையைக் குற்றம் சொல்வதில்லை. பிணைப்பவன்தான் திரும்பி வந்து தேட வேண்டும். இந்தப் படிவத்தில் தேடும் வேலை இழையின் தலையில் விழுந்ததுதான் சண்டைக்கே மூலம்.

எதிர் வீட்டில் வாடகைக்கு இருக்கும் பெண் வந்தாள். புருஷனோடு சேர்ந்து கோர்வை, அதாவது கரையைப் புடவை உடலோடு இணைக்கும் நெசவு, போடுகிறவள்.

"அண்ணே, நான் ஆரணியில பொறந்தவ. கட்டிக்கிட்டு வந்து இருபது வருஷம் ஆவுது. இவரு அப்பா பேரு இந்த ஊரு பட்டியல்ல இருக்குது. அதையே எழுதிடலாமா?"

"மாமனார் பேர் செல்லாதும்மா. உன்னைப் பெத்தவங்க பேர் வேணும்."

"அவரு போயி பத்து வருஷம் ஆச்சே."

"அப்போ இருந்தாரில்ல, அது போதும்."

பிறந்த வீட்டைப் பழைய பட்டியலில் தேடிப் பிடிக்க இரண்டு நாள் ஆனது. தெருப் பெயர் மாறியிருந்தது. அப்பாவின் பெயரில் ஓர் எழுத்து கூடியிருந்தது. பெண்களின் பெயர் பட்டியலில் நிற்பது என்றைக்குமே சிரமம்தான். 1951-52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் சுமார் 28 லட்சம் பெண்களைப் பட்டியலிலிருந்து விட நேர்ந்தது. பெரும்பாலும் வட மாநிலங்களில். சொந்தப் பெயரைச் சொல்லாமல் 'இன்னார் மனைவி', 'இன்னார் மகள்' என்றே சொல்லியிருந்தார்கள். அன்று புருஷன் பெயர் மட்டும் போதவில்லை, இன்றும் போதவில்லை. காரணம்தான் வேறு.

சரி, ஓட்டுப் போட என்னதான் தகுதி வேண்டும்? அரசியல் சட்டத்தின் 326ஆவது பிரிவு சுருக்கமாகவே சொல்கிறது: இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், 18 வயது நிரம்பியிருக்க வேண்டும் (1989 வரை 21), சட்டப்படி தகுதி இழந்தவராக இருக்கக் கூடாது. இதோடு, அந்தத் தொகுதியில் வழக்கமாக வசிப்பவராக இருக்க வேண்டும் என்கிறது 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். தகுதி பற்றி யாருக்கும் தகராறு இல்லை. தகுதியை எதைக் காட்டி நிரூபிப்பது, யார் நிரூபிப்பது என்பதில்தான் தகராறு. புதிதாகச் சேர நிரப்பும் படிவம் 6இல் வயதுக்கும் முகவரிக்கும் சான்று கேட்பார்கள். குடியுரிமைக்கு உறுதிமொழிக் கையெழுத்து. பொய் சொன்னால் ஓராண்டு வரை சிறை. எஸ்.ஐ.ஆர். அதற்கு மேலே போனது. பழைய பட்டியலோடு பிணைக்க முடியாதவருக்கு நோட்டீஸ், விசாரணை, ஆவணம். 1987 ஜூலைக்கு முன் பிறந்த என் போன்றவருக்குத் தன் சான்று போதும். அதற்குப் பிறகு பிறந்த என் மகனுக்குப் பெற்றோரில் ஒருவருடையதும் வேண்டும். 2004 டிசம்பர் 2க்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்கு இருவருடையதும். குடியுரிமைச் சட்டத்தில் இருக்கும் அதே தேதிகள்தாம் இவை. ஆதாரைப் பன்னிரண்டாவது ஆவணமாகச் சேர்க்கும்படி உச்சநீதிமன்றம் 2025 செப்டம்பரில் சொன்னது. ஆள் அடையாளத்துக்கு மட்டும், குடியுரிமைக்கு அல்ல.

ஏற்கெனவே பட்டியலில் இருப்பவரைப் புதிதாக வந்தவர்போல் நிரூபிக்கச் சொல்லக் கூடாது என்பவர்கள் 1995ஆம் ஆண்டு லால் பாபு உசேன் வழக்கைக் காட்டுகிறார்கள். ஒருவர் பெயரைச் சேர்க்கும்போதே உரிய நடைமுறை முடிந்திருக்கும் என்று கொள்ள வேண்டும் என்றது அத்தீர்ப்பு. தி.மு.க. உள்ளிட்ட கட்சிகள் நீதிமன்றம் போயின; அ.தி.மு.க. திருத்தத்தை ஆதரித்தது. அமெரிக்காவிலும் இதே வழக்குதான். அங்கே தேசியப் பதிவுப் படிவத்தில் 'நான் குடிமகன்' என்று கையெழுத்திட்டால் போதும். அரிசோனா மாநிலம் அதற்கு மேல் ஆவணம் கேட்டது. அந்தப் படிவத்துக்கு அப்படிக் கேட்கக் கூடாது என்று 2013இல் அங்குள்ள உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது.

பட்டியலைச் சலிக்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டிசம்பர் 19இல் வந்த வரைவுப் பட்டியலில் தமிழ்நாட்டில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. அதில் ஏறக்குறைய 27 லட்சம் இறந்தவர்கள். கணக்கன் கண்ணுக்கு அது சரியான கழித்தல். இரட்டைப் பதிவு மூன்று லட்சத்துச் சொச்சம், அதுவும் சரி. மீதி 66 லட்சம் 'இடம் மாறியவர், வீட்டில் இல்லாதவர்'. என்னை உறுத்துவது இந்த வரி. நெசவாளி வாடகை உயர்ந்தால் தெரு மாறுவான், தறியைக் கழற்றி அடுத்த சந்தில் போடுவான். ஓட்டு மட்டும் பழைய கதவெண்ணில் நிற்கும்.

சொந்த வீட்டை வைத்தே தகுதி பார்த்த காலமும் ஒன்று இருந்தது. இங்கிருந்து முப்பது கிலோமீட்டரில் உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு, குடவோலையில் பெயர் எழுதத் தகுதி எது என்று பட்டியலிடுகிறது: கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் கட்டிய வீடு, 35 முதல் 70 வயது, வேதப் பயிற்சி. அது பிராமணர் ஊர்ச் சபை. எங்கள் தெருவில் ஒருவர்கூடத் தேறியிருக்க மாட்டார். கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் நிற்கக் கூடாது என்றும் அதில் உண்டு. அந்த விதியை மட்டுமாவது விட்டு வைத்திருக்கலாம் என்று எனக்கொரு ஆசை.

இன்றைய சட்டம் அதை அப்படியே புரட்டிப் போட்டது. வீடு சொந்தமாக இருப்பதால் மட்டும் ஒருவர் அங்கே வசிப்பவர் ஆகிவிட மாட்டார். வீடே இல்லாமல் கோயில் மதிலோரம் படுப்பவருக்கும் ஓட்டு உண்டு; முகவரிச் சான்று வேண்டாம், அலுவலர் இரவில் வந்து, அவர் அங்கேதான் தூங்குகிறாரா என்று பார்க்க வேண்டும். இதைச் சொன்னால் திண்ணையில் இருந்தவர்கள் நம்பவில்லை.

ஆரணி அப்பாவின் வரிசை எண்ணை எழுதி முடித்ததும் எதிர் வீட்டுப் பெண் கையெழுத்துப் போட்டாள்.

"தை பொறந்தா வேற வீடு பாக்கணும்னு இவரு சொல்றாரு. அப்போ திரும்பியும் அப்பாவைத் தேடணுமாண்ணே?"

"வேணாம்மா. படிவம் 8 இருக்கு. வீடு மாறினா அதைக் குடுத்தா போதும்."

"அதை யாரு கொண்டாந்து குடுப்பாங்க?"

"யாரும் கொண்டாந்து தர மாட்டாங்க. நீதான் போய்க் கேட்கணும்."

ஒரு பிரதியை உறைக்குள் மடித்து வைத்துக்கொண்டு எழுந்தாள். அவள் வீட்டுத் தறிச் சத்தம் அவள் வராமல் நின்றிருந்தது. கோர்வைக்கு இரண்டு பேர் வேண்டும்.