உஷார்! அந்த ஒற்றை & மேல் ஒரு கண் இருக்கட்டும்

சரக்கு இருக்கிறது, ஆர்டரும் வந்திருக்கிறது. ஆனால் பில் போடும் புரோகிராம் ‘ஸ்டாக் இல்லை’ என்று அடம்பிடிக்கிறது. சி மொழியில் எழுதிய ஒரே ஒரு வரிதான் காரணம்: இஃப் (ஸ்டாக் & ஆர்டர்). இரண்டு & போட வேண்டிய இடத்தில் ஒன்று!

ஸ்டாக் 4, ஆர்டர் 3 என்று வையுங்கள். ‘இரண்டுமே பூஜ்யம் இல்லையே?’ என்று மட்டும்தான் && பார்க்கும்; ஆமென்றால் விடை 1. ஒற்றை & பிட் பிட்டாக அடுக்கிப் பார்க்கும். 4 என்பது 100, 3 என்பது 011. எந்த இடத்திலும் 1-க்கு நேராக 1 இல்லை. விடை 0, அதாவது பொய். வாடிக்கையாளர் வெறுங்கையோடு திரும்புகிறார்.

பயங்கரம் என்னவென்றால், ஸ்டாக் 5 (101) என்றால் கடைசி பிட் பொருந்தி எல்லாம் ஒழுங்காக நடக்கும். 1, 1 என்று கொடுத்து டெஸ்ட் பண்ணியவர் "ஓடுதே சார்" என்று எழுந்து போயிருப்பார்.

இன்னொன்று. இடப்பக்கம் பொய் என்றால் && வலப்பக்கத்தைத் தொடாது. பாயின்டர் காலியா என்று முதலில் பார்த்துவிட்டு அடுத்து அதைத் திறப்பது அந்த தைரியத்தில்தான். & இரண்டையும் பார்த்தே தீரும்; புரோகிராம் குப்புற விழும்.

சரி, & தேவைப்படும் இடத்திலாவது நிம்மதி உண்டா? இரட்டைப்படையா என்று பார்க்க எண் & 1 == 0 என்று எழுதிப் பாருங்கள். சி முதலில் 1 == 0 என்பதைக் கணக்கிடும்; அது 0. அப்புறம் எண் & 0. எந்த எண்ணைக் கொடுத்தாலும் ‘இரட்டைப்படை இல்லை’தான்! சி பிறந்த புதிதில் && கிடையாது, & ஒன்றே இரண்டு வேலையும் பார்த்தது. && வந்த பிறகும், ஏற்கெனவே எழுதிய கோடு உடையக் கூடாதென்று சி-யை உருவாக்கிய டென்னிஸ் ரிச்சி &-ஐ முன்னுரிமையில் ==-க்குக் கீழேயே விட்டுவிட்டார். அன்று இருந்தது சில நூறு கிலோபைட் கோடு. அதற்காக உலகமே இன்றுவரை அடைப்புக்குறி போட்டுக்கொண்டிருக்கிறது!

பைதான்காரர்கள் சிரிக்க வேண்டாம். அங்கே & முந்திக்கொள்ளும். பாண்டாஸ் லைப்ரரியில் வயது > 18 & மார்க் > 60 என்று எழுதினால் 18-ம் மார்க்கும் முதலில் ஒட்டிக்கொள்ளும். அங்கேயும் அடைப்புக்குறிதான் கதி.

கம்பைலரின் எச்சரிக்கைகளையெல்லாம் திறந்து வையுங்கள். அடைப்புக்குறி விட்டுப்போனால் ஜிசிசி கம்பைலர் சொல்லிவிடும். ஆனால் முதலில் பார்த்த ஸ்டாக் & ஆர்டருக்கு அது வாயே திறக்காது.