பாலைவனப் பயணமும் துணைக்கலனும்

ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் சிம்சன் பாலைவனம் பரந்து கிடக்கிறது. ஒன்றுக்கொன்று இணையாக நீண்டு கிடக்கும் மணல்மேடுகள் அங்கு ஆயிரத்திற்கும் மேல் உள்ளன. பாலைவனத்தின் மேற்கு விளிம்பில் மவுண்ட் டேர் என்னும் தங்குமிடம் இருக்கிறது. அங்கே டீசல் கிடைக்கும். அதை விட்டால், கிழக்கு விளிம்பில் ஏறத்தாழ நூறு பேர் வாழும் பெர்ட்ஸ்வில் என்னும் சிற்றூரில்தான் அடுத்த எண்ணெய் நிலையம். இரண்டிற்கும் இடையே சுமார் 500 கிலோமீட்டர். வழியில் ஊரும் இல்லை, கடையும் இல்லை. கைத்தொலைபேசியையும் நம்பியிருக்க முடியாது.

இப்பாதையில் செல்வோர் பலர் டீசலில் ஓடும் நான்கு சக்கர இயக்கப் பிக்கப் வாகனங்களைப் பயன்படுத்துகின்றனர். ஆஸ்திரேலியர்கள் இவ்வகை வாகனத்தை ‘யூட்’ என்பார்கள். நம் ஊர்ச் சாலைகளிலும் காணப்படும் டொயோட்டா ஹைலக்ஸ் வாகனத்தை எடுத்துக்கொள்வோம். அதன் எரிபொருள் கலன் 80 லிட்டர் டீசல் கொள்ளும். நல்ல சாலையில் நூறு கிலோமீட்டருக்குப் பத்து லிட்டர் செலவாகும் என்று வைத்துக்கொண்டால் 800 கிலோமீட்டர் ஓடலாம். அப்படியானால் 500 கிலோமீட்டருக்கு ஏன் அஞ்ச வேண்டும்?

இங்கேதான் பலர் கணக்கில் தவறுகின்றனர். இளகிய மணலில் சக்கரங்கள் புதைந்து புதைந்து சுழலும். வண்டி தாழ்ந்த கியரில் மெதுவாக ஊர்ந்து, ஒவ்வொரு மேட்டின் மீதும் ஏறி இறங்க வேண்டும். சில மேடுகளில் முதல் முயற்சியில் ஏற முடியாமல் பின்வாங்கி, மீண்டும் முயல வேண்டியிருக்கும். இதனால் டீசல் செலவு இரு மடங்காகக்கூட உயரலாம். நூறு கிலோமீட்டருக்கு இருபது லிட்டர் என்றால் 500 கிலோமீட்டருக்கு 100 லிட்டர் தேவை. வழி மாறிச் செல்ல நேர்ந்தாலோ, பழுதான வேறொரு வாகனத்தைக் கட்டி இழுக்க நேர்ந்தாலோ அதுவும் போதாது. ஆகவே, கால் பங்கைக் கூடுதலாகச் சேர்த்து 125 லிட்டர் வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. நம்மிடம் இருப்பதோ 80 லிட்டர். அதிலும் கலனின் அடியில் தேங்கும் கடைசிச் சில லிட்டர்களைக் குழாயால் உறிஞ்ச முடியாது. இந்தக் குறையை நிரப்பவே சிலர் வாகனத்தில் இரண்டாவது கலன் ஒன்றைப் பொருத்துகின்றனர். அதைத் துணைக்கலன் என்போம்.

டீசலைத் தகரக் கலன்களில் நிரப்பி எடுத்துச் செல்லலாமே என்று கேட்கலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால், இருபது லிட்டர் கலனைத் தூக்கி, காற்றில் பறக்கும் மணல் உள்ளே விழாமல் ஊற்றுவது எளிதன்று. கூரையின் மேல் அடுக்கினால் வாகனத்தின் ஈர்ப்பு மையம் உயர்ந்து, சரிவுகளில் கவிழும் ஆபத்து கூடும். அடிப்பகுதியில் தாழ்வாகப் பொருத்தப்படும் துணைக்கலனில் இவ்விரு தொல்லைகளும் இல்லை. அதற்கே உரிய தொல்லைகள் வேறு உண்டு.

முதலாவது எடை. டீசல் நீரைவிடச் சற்று இலேசானது. ஒரு லிட்டர் ஏறத்தாழ 0.84 கிலோகிராம் இருக்கும். எழுபது லிட்டர் டீசல் 59 கிலோகிராம் ஆகிறது. எஃகுக் கலன், அதைத் தாங்கும் பட்டைகள், குழாய்கள் ஆகியவற்றுக்கு முப்பது கிலோகிராம் சேர்த்தால் மொத்தம் 90 கிலோகிராமை நெருங்கும். பெரிய ஆள் ஒருவரை எந்நேரமும் ஏற்றிச் செல்வதற்கு இது சமம். பிக்கப் வாகனம் ஒரு டன் சுமக்கும் என்பார்கள். அந்த அளவுக்குள் பயணிகள், குடிநீர், உணவு, கூடாரம், கருவிகள், மாற்றுச் சக்கரங்கள் அனைத்தும் அடங்க வேண்டும். உற்பத்தியாளர் குறித்துள்ள மொத்த எடை வரம்பைத் தாண்டினால் சட்டச் சிக்கல் எழும். விபத்து நேரும்போது காப்புறுதி நிறுவனம் இழப்பீடு தர மறுக்கவும் கூடும். எனவே, கலனை வாங்குமுன் வாகனத்தை நிறை மேடையில் ஏற்றி எடை பார்ப்பதுதான் முதல் வேலை. இதைச் செய்யாமல் கடைக்கு ஓடுவோரே அதிகம்.

எடை எவ்வளவு என்பதைப் போலவே எடை எங்கே என்பதும் முக்கியம். விளையாட்டுத் திடலில் ஏறியிறங்கும் பலகையை நினைத்துப் பாருங்கள். ஒரு முனையில் ஒருவர் அமர்ந்தால் மறுமுனை மேலே எழும். பிக்கப் வாகனத்தில் பின்னச்சுதான் அந்தப் பலகையின் தாங்குபுள்ளி. பின்னச்சுக்கும் பின்னால், மாற்றுச் சக்கரம் தொங்கும் இடத்தில் கலனை மாட்டினால், அது முன்பகுதியைச் சற்றே தூக்கும். முன்சக்கரங்கள் தரையில் அழுந்தும் விசை குறையும். வண்டியைத் திருப்புவது பிடிமானமற்றதாகிவிடும். மேடுபள்ளத்தில் குதித்துக் குதித்து ஓடும்போது அடிச்சட்டமே வளைந்துபோவதும் உண்டு. ஆகவே, இரண்டு அச்சுகளுக்கும் இடையே இடம் கிடைத்தால் அதுவே சிறந்தது. அங்கே புகைக்குழாயும் பின்சக்கரங்களைச் சுழற்றும் தண்டும் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதால் எல்லா வாகனங்களிலும் இது கைகூடுவதில்லை. கைகூடாதபோது, மற்றச் சாமான்களை முன்னோக்கி நகர்த்திச் சமன்செய்ய வேண்டும்.

கலனுக்குள் டீசல் அசையாமல் இருப்பதில்லை. பாதி நிரம்பிய வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினால் நீர் எப்படித் தளும்பும்! அதைப் போலவே, மேட்டில் ஏறும்போது டீசல் முழுவதும் பின்சுவரில் மோதும். இறங்கும்போது முன்சுவரில் மோதும். அக்காலத்தில் பால்காரர்கள் பால் தளும்பாமல் இருக்கப் பாத்திரத்தில் வைக்கோலைப் போட்டுச் சுமந்து செல்வார்கள். அந்த வைக்கோலின் வேலையைத்தான் கலனுக்குள் இருக்கும் தடுப்புத் தகடுகள் செய்கின்றன. துளையிட்ட அத்தகடுகள் டீசலை மெல்ல நகரவிடும், பாய விடா.

துணைக்கலனில் நான் வியக்கும் உறுப்பு, விரல் பருமனே உள்ள ஒரு காற்றுக்குழாய்தான். உணவுக்கடையில் கெட்டிப்பால் தகரத்தைத் திறப்பவரைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரு துளை போட்டால் பால் சரியாக ஒழுகாது. எதிர்ப்புறம் இன்னொரு துளை போட்டதும் தடையின்றி ஊற்றும். வெளியேறும் பாலின் இடத்தைக் காற்று நிரப்ப வேண்டும் அல்லவா? கலனும் அவ்வாறே. காற்று உள்ளே வர வழியில்லாவிட்டால், டீசலை எடுக்க எடுக்க உள்ளே அழுத்தம் குறையும், பம்பு திணறும், கலனின் சுவர் உள்நோக்கி நசுங்கவும் கூடும். மாறாக, வெப்பம் ஏறும்போது டீசல் விரியும். பாலைவனத்தில் குளிர்ந்த விடியலுக்கும் நண்பகலுக்கும் இடையே 25 பாகை செல்சியஸ் வேறுபாடு இருந்தால், 70 லிட்டர் டீசல் கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர் கூடும். விளிம்புவரை நிரப்பி இறுக மூடிய கலனில் அந்த ஒன்றரை லிட்டர் எங்கே போகும்? இதனால்தான் காற்றுக்குழாயை அமைத்து, மேலே கொஞ்சம் வெற்றிடமும் விடுகிறார்கள். குழாயின் வாய் உயரமான இடத்தில், புழுதி புகாதபடி சிறு வடிகட்டியுடன் இருக்க வேண்டும். வாகனம் கவிழ்ந்தால் டீசல் கொட்டாமல் தானே மூடிக்கொள்ளும் ஒரு தடுப்பானும் அதில் தேவை.

துணைக்கலனைப் பெரும்பாலும் இயந்திரத்தோடு நேராக இணைப்பதில்லை. டீசல் இயந்திரம் தனக்குத் தேவையானதைவிட அதிகமாக டீசலை இழுத்து, எரித்தது போக மீதியைச் சூடாகத் திருப்பி அனுப்பும். அந்த மீதி முதன்மைக்கலனுக்கே திரும்பும். இயந்திரம் துணைக்கலனிலிருந்து உறிஞ்சி, மீதியை முதன்மைக்கலனில் கொட்டினால், ஒன்று காலியாகும்போது மற்றொன்று நிரம்பி வழியும். எளிய வழி, 12 வோல்ட் மின்பம்பு ஒன்றைக்கொண்டு டீசலைத் துணைக்கலனிலிருந்து முதன்மைக்கலனுக்கு மாற்றுவதே. ஓட்டுநரின் அருகே ஒரு விசையை அமைப்பார்கள். முதன்மைக்கலன் பாதியாகக் குறைந்த பின்னரே அதை அழுத்த வேண்டும். நிரம்பிய கலனுக்குள் மேலும் டீசலைச் செலுத்தினால் அது காற்றுக்குழாய் வழியே சாலையில் கொட்டும். பம்புக்குச் செல்லும் மின்கம்பியில், மின்கலத்திற்கு அருகிலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். கம்பி எங்கேனும் உரசி வெறுமையாகிக் குறுக்குச்சுற்று ஏற்பட்டால் கம்பி சூடாகித் தீப்பிடிக்குமுன் மின்னோட்டத்தைத் துண்டிப்பது அந்த ஃபியூஸ்தான்.

கலன் எந்தப் பொருளால் ஆனது என்பதையும் பார்க்க வேண்டும். எஃகு, அலுமினியம், கெட்டியான நெகிழி ஆகிய மூன்றும் ஏற்றவை. துத்தநாகம் பூசிய தகரம் ஆகாது. துத்தநாகம் டீசலோடு வினைபுரிந்து சவர்க்காரம் போன்ற படிவை உண்டாக்கும். அந்தப் படிவு, மிக நுண்ணிய துளைகளைக் கொண்ட எரிபொருள் தெளிப்பான்களை அடைத்துவிடும். மலிவாகக் கிடைக்கிறதே என்று நீர்த்தொட்டியை எண்ணெய்க் கலனாக மாற்றுவோர் பின்னர்த் தெளிப்பான்களை மாற்றப் பன்மடங்கு செலவிட நேரிடும். பழைய எரிபொருள் கலனை வெட்டி ஒட்டுவது அதைவிடக் கொடிய தவறு. காலியான கலனுக்குள் எஞ்சியிருக்கும் ஆவி, பற்றவைப்புக் கருவியின் சூட்டில் வெடித்து உயிரைப் பறித்துவிடும். திறமையான பட்டறைக்காரர் இதற்கு ஒருபோதும் உடன்படமாட்டார்.

பொருத்தும் நாளில், மின்கலத்தின் இணைப்பைக் கழற்றிய பிறகே வேலை தொடங்கும். கலனைத் தாங்கும் பட்டைகளை அடிச்சட்டத்தில் ஏற்கெனவே உள்ள துளைகளில் திருகாணியால் முடுக்குவார்கள். கண்டபடி புதுத் துளையிட்டாலோ, சூடுகாட்டி ஒட்டினாலோ சட்டத்தின் வலிமை குன்றும். உலோகமும் உலோகமும் உரசாதிருக்க இடையில் இரப்பர் வைப்பார்கள். கலனுக்கும் புகைக்குழாய்க்கும் இடையே போதிய இடைவெளி விட்டு, வெப்பத் தடுப்புத் தகடு ஒன்றையும் பொருத்துவார்கள். டீசல் பெட்ரோலைப் போல உடனே பற்றிக்கொள்ளாது என்பது உண்மை. ஏறத்தாழ 55 பாகை செல்சியசுக்கு மேல் சூடான பிறகே, அதன் ஆவி தீப்பொறி பட்டால் எரியும். ஆனால், புகைக்குழாயின் வெப்பம் அதைவிடப் பன்மடங்கு அதிகம். ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் ஸ்பினிஃபெக்ஸ் என்னும் காய்ந்த முட்புல் வேறு வாகனத்தின் அடியில் சிக்கிக்கொள்ளும். சூடான குழாயின் மேல் அது தீப்பிடித்து முழு வாகனமும் எரிந்துபோன நிகழ்வுகள் உண்டு. துணைக்கலன் பொருத்தினால் புல் சிக்குவதற்கு இன்னும் ஓர் இடுக்கு கிடைத்துவிடுகிறது. ஆகவே, ஒவ்வொரு முறை வண்டியை நிறுத்தும்போதும் குனிந்து பார்த்துப் புல்லை அகற்ற வேண்டும்.

மலேசியாவில் இத்தகைய கலனைப் பொருத்த எண்ணுபவர் முதலில் சாலைப் போக்குவரத்துத் துறையின் விதிகளைக் கேட்டறிய வேண்டும். இங்கு டீசல் கட்டுப்படுத்தப்பட்ட பொருள். அரசாங்க உதவித்தொகையால் விலை குறைந்த டீசலைக் கடத்துவதற்காகக் கலன்களை மாற்றியமைத்த வாகனங்கள் பலமுறை பிடிபட்டுள்ளன. அத்தகையோர் மீது 1961ஆம் ஆண்டு வழங்கல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் நடவடிக்கை எடுக்கப்படுகிறது. பாலைவனத்தில் உயிர்காக்கும் அதே பெட்டி இங்கே குற்றத்திற்குச் சான்றாகிவிடக்கூடும்.

வேலை முடிந்ததும் உடனே பாலைவனத்திற்குப் புறப்படுவதில்லை. முதலில் பத்து லிட்டர் ஊற்றி, விளக்கொளியில் ஒவ்வோர் இணைப்பையும் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு கலனை நிரப்பி, கரடுமுரடான சாலையில் நூறு கிலோமீட்டர் ஓட்டித் திரும்பி, திருகாணிகளை மீண்டும் முடுக்குவார்கள். முதல் அதிர்வில் அவை சற்றுத் தளர்வது வழக்கம். பம்பு எத்தனை நிமிடத்தில் எத்தனை லிட்டரை மாற்றுகிறது என்பதையும் அளந்து, ஒரு தாளில் எழுதி ஓட்டுநர் இருக்கைக்கு எதிரே ஒட்டி வைப்பார்கள். மூன்றாம் நாள், மணல்மேடுகளுக்கு நடுவே வண்டியை நிறுத்தி, முதன்மைக்கலனின் முள் பாதியைக் காட்டும்போது விசையை அழுத்துவார்கள். அடியிலிருந்து பம்பின் மெல்லிய ஓசை கேட்கும். சில நிமிடங்களில் முள் மெதுவாக மேலே ஏறத் தொடங்கும்.